5 வாட் ரிக்கும் (ரேடியோ செட்டும்) ஒரு கம்பியும் எடுத்துக்கொண்டு வெளியில் போய் ஹாம் ரேடியோ இயக்க முடியுமா? ஆன்டெனா எப்படிக் கட்டுவது?

உரிமம் கையில் இருந்தால் தாராளமாக முடியும். வீட்டு முகவரியை விட்டு வெளியே இயக்க உங்கள் உரிமத்தில் என்ன நிபந்தனை என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

5 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் 13 டெசிபெல். எதிர்முனையில் சிக்னல் வலிமை காட்டும் மீட்டரில் இரண்டு எஸ் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். குரலில் அது உறைக்கும், மோர்ஸில் சமாளிக்கலாம். அதனால் 7.030 மெகாஹெர்ட்ஸில் சி.டபிள்யூவில், அதாவது மோர்ஸில் தொடங்குங்கள். பகலில் இந்த 7 மெகாஹெர்ட்ஸ் (40 மீட்டர்) அலைவரிசையில் சில நூறு கிலோமீட்டர் வரை பேசலாம். உச்சிவெயிலில் சிக்னல் மங்கினால் 14.060-க்குப் போங்கள்.

தூக்கிச் செல்ல எளியது, ஒரு முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பி. 142.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் மீட்டரில் வரும்: 7.030-க்கு 20.27. வெட்டும்போது 20.80 வெட்டுங்கள். இதே கம்பி 14-லும் வேலை செய்யும்.

முனையில் மின்மறுப்பு சில ஆயிரம் ஓம் என்பதால் 49:1 டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எஃப்டி140-43 ஃபெரைட் வளையத்தில் முதன்மைக்கு 3, துணைக்கு 21 சுற்று. கம்பி துளைக்குள் ஒருமுறை நுழைந்தாலே ஒரு சுற்று. வெளிப்பக்கம் எண்ணினால் ஒன்று பிசகிவிடும். பலர் 2, 14 சுற்றுவார்கள். விகிதம் அதேதான், ஆனால் இந்த வளையத்தில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு இண்டக்டன்ஸ் போதாது, இருக்கிற 5 வாட்டில் ஒரு பங்கு வளையத்தைச் சூடாக்கவே போய்விடும். கோஆக்ஸ் (ரிக்கிலிருந்து வரும் உறையிட்ட கேபிள்) பக்கம் 100 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டரை இணையாகப் போடுங்கள். கிளம்புமுன் வீட்டிலேயே கம்பிமுனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 2.4 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்து எஸ்.டபிள்யூ.ஆர் (எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் விகிதம், 1 என்றால் மிகச் சரி) பாருங்கள். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் ஆகாது. 1.5-க்குக் கீழே வந்தால் டிரான்ஸ்ஃபார்மர் சரி. பிறகு தகராறு வந்தால் கம்பியைத்தான் பார்க்க வேண்டும்.

கம்பியை ஏற்றியபின் எஸ்.டபிள்யூ.ஆர் 6.950-ல் குறைவாக இருக்கிறதா? கம்பியின் நீளம் அதிகம். சுமார் 23 செ.மீ. குறைக்க வேண்டும். வெட்டாதீர்கள், நுனியை மடித்துக் கம்பியோடேயே நெருக்கமாக முறுக்கிவிடுங்கள். அடுத்த இடத்தில் உயரமும் மரமும் மாறும்போது அந்த நீளம் திரும்பத் தேவைப்படும். நுனியில் மின்னழுத்தம் அதிகம். ஈர இலையில் பட்டாலே அளவு தாறுமாறாகும். நைலான் கயிறு கட்டி மரத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். மின்கம்பி போகும் பக்கம் கயிறே எறியக் கூடாது.

மோர்ஸ் கீயைத் தொட்டதும் எஸ்.டபிள்யூ.ஆர் மாறினால் கோஆக்ஸின் வெளியுறையில் ஆர்.எஃப் (ரேடியோ அலை மின்னோட்டம்) ஓடி வருகிறது. ரிக் பக்கம் மெல்லிய கோஆக்ஸை இன்னொரு 43 வளையத்தில் பத்து சுற்று சுற்றினால் அடங்கும். டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிச் சுற்றுவதானால் கிரவுண்டில் 2 மீட்டர் கம்பி தனியாகக் கட்டுங்கள்.

பேட்டரிக்கு நான்கு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 3 ஆம்பியர்-மணி. முழு சார்ஜில் 14.6 வோல்ட் வரை போகும், 13.8-க்கு மேல் தாங்காத ரிக்கில் நேரடியாகச் செருகாதீர்கள்.