டிரையருக்கு ஜெட் என்ஜின் சென்சர் வேண்டுமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் டீமேக்கராக இருக்கிறேன். டிரையர் மீட்டர் விடியற்காலையில் சூட்டைக் குறைத்துக் காட்டுகிறது. நெருப்பைக் கூட்டினால் தூளில் தீய்ந்த வாடை. ஜெட் என்ஜினில் போடும் ஃபுளூயிடிக் சென்சர், கரண்டே வேண்டாம், ஆயுசுக்கும் பழுதாகாது என்கிறார் ஒரு புரோக்கர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அப்படியொரு சென்சர் இருப்பது உண்மைதான். குறுகிய துவாரத்தில் பாயும் காற்று, இரு சுவர்களுக்கிடையே மாறி மாறி ஒட்டி விசில் போல அதிரும். சூடு ஏறினால் அதிர்வு வேகமாகும். ஆனால் 50 டிகிரியிலிருந்து 100க்கு ஏறினாலும் அந்த வேகம் ஏறத்தாழ 7 சதவீதம்தான் கூடும். ஈரக்காற்று கணக்கைக் கெடுக்கும், தேயிலைப் பஞ்சு துவாரத்தை அடைக்கும். ஜெட் என்ஜின்களிலேயே வெளிவரும் வாயுவின் சூட்டை அளப்பது பெரும்பாலும் தெர்மோகப்பிள்தான் (இரு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்துச் சூட்டை அளக்கும் கருவி). அட்வான்ஸ் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் டிரையரிலும் தெர்மோகப்பிள்தான் இருக்கும். எனக்குச் சந்தேகம் வயரில். ப்ரோபிலிருந்து (டிரையருக்குள் சூட்டை உணரும் முனை) மீட்டர் வரை அதே வகை உலோக வயர் போக வேண்டும். யாரோ சாதாரண செம்பு வயரை ஒட்டுப்போட்டிருப்பார்கள். டிரையர் பக்கத்து இணைப்புப் பெட்டி 45 டிகிரி, விடியற்காலைக் குளிரில் மீட்டர் இருக்கும் இடம் 18 என்றால், அந்த வித்தியாசம் 27 டிகிரியும் குறைத்தே காட்டும். பெட்டியும் மீட்டரும் ஒரே சூட்டில் இருந்தால் மட்டும் செம்பு கெடுக்காது. மத்தியானம் மீட்டர் இருக்கும் அறையும் சூடேறிவிடும், வித்தியாசம் சுருங்கும், மீட்டர் கிட்டத்தட்ட சரியாகக் காட்டும். அதனால்தான் எலெக்ட்ரீஷியன் பகலில் வந்து பார்த்துவிட்டு "பழுதில்லை" என்று போய்விடுகிறார். பகல் சோதனையை நம்பாதீர்கள்.

புது மெஷினுக்கு உடனே கையெழுத்துப் போடும் நிர்வாகம், பத்து மீட்டர் வயருக்கு மூன்று கொட்டேஷன் கேட்டு மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். தூள் கெட்டால் ஏச்சு வாங்குவது மட்டும் டீமேக்கர்.

ப்ரோப் தகட்டில் தெர்மோகப்பிள் வகையைப் பாருங்கள். ‘கே’ என்றிருந்தால் கே வகை நீட்டிப்பு வயரே கேட்டு வாங்குங்கள். அமெரிக்க முறை வயரில் சிவப்புதான் மைனஸ். பிளஸில் மாட்ட விடாதீர்கள். அப்புறம், டிரையரை நிறுத்தியதும், பெட்டி ஆறுவதற்குள் ப்ரோபைக் கொதிநீரில் முக்கிப் பாருங்கள். 100 காட்ட வேண்டுமென்று நிற்காதீர்கள். தலவாக்கலை உயரத்தில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், நுவரெலியாவில் 94.