கடை உங்களுடையது, பெயர்ப்பலகை அவர்களுடையது

தம்பி, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சாண்ட்விச் பிரான்சைஸ் கடை, அதாவது பெரிய நிறுவனமொன்றின் பெயரில் அதற்குக் கட்டணம் கட்டி நடத்தும் கடை, கைமாற வருகிறது, மைத்துனரும் நானும் சேர்ந்து எடுக்கலாமா, அதை நடத்த என்ன திறமை வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஊரில் அப்பாவின் பலசரக்குக் கடையில் நின்ற பழக்கம் இருக்கிறதாம். இன்னொருவருக்குக் கீழே வேலை செய்து அலுத்துப்போய்விட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரிதான் எனக்கு யோசனையாக இருக்கிறது.

பிரான்சைஸில் முதலாளி நீங்கள், உத்தரவு இன்னொருவருடையது. பாண் யாரிடம் வாங்குவது, ஒரு சாண்ட்விச்சுக்கு எத்தனை துண்டு இறைச்சி, எத்தனை மணிக்குக் கடை திறப்பது, சுவருக்கு என்ன நிறம் எல்லாம் தலைமையகம் தரும் கையேட்டில் இருக்கும். அப்பாவின் கடையில் தெரிந்தவர் வந்தால் ஒரு பிடி கூடப் போட்டுக் கொடுப்போம். இங்கே அதற்கு இடமில்லை. மேற்பார்வைக்கு வருபவர் குளிர்ப்பெட்டியைத் திறந்து வெப்பமானி வைப்பார், வெட்டிய தக்காளிக் கிண்ணத்தில் ஒட்டியிருக்கும் திகதியைப் பார்ப்பார், ஒரு பங்கு கோழியைத் தராசில் போட்டு நிறுப்பார். உங்களைவிடப் பத்து வயது இளையவர் வந்து பிழை சொன்னாலும் முகம் சுளிக்காமல் "சரி" என்று திருத்திக்கொள்ளும் மனம் வேண்டும். நான் பார்த்தவரை நல்ல கைப்பக்குவம் உள்ளவர்கள்தான் இதில் அதிகம் திண்டாடுகிறார்கள். சோஸில் கொஞ்சம் மிளகாய்த்தூள் கலந்தால் என்ன என்று கை துறுதுறுக்கும். அவர்கள் சொந்தப் பெயரில் கொத்துரொட்டிக் கடை போடுவது நல்லது. பகிடிக்குச் சொல்லவில்லை.

அடுத்தது ஆட்களை வைத்து வேலை வாங்குவது. என் கணக்கில் பாதி வியாபாரம் இதுதான். உங்களிடம் வேலைக்கு வருபவர்களில் பலர் மாணவர்கள், பலருக்கு அதுவே முதல் வேலை. சனிக்கிழமை விடியற்காலை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும், ஏழு மணிக்குக் கடை திறக்க வேண்டிய பொடியன் ஆறரைக்கு "இன்று வர முடியாது" என்று ஒரு செய்தி தட்டிவிடுவான். அந்த நேரம் பதறாமல் வேறு யாரைக் கூப்பிடலாம் என்று தெரிய வேண்டும். ஒருவரும் கிடைக்காவிட்டால் நீங்களே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். திங்கட்கிழமை அவன் வந்ததும் வாடிக்கையாளர் முன்னால் ஏசினால், அடுத்த வாரம் பக்கத்து பிளாசாவில் வேலைக்கு நிற்பான். தனியாகக் கூப்பிட்டு, சுருக்கமாக, ஆனால் அழுத்தமாகக் கதைக்கப் பழகுங்கள்.

வேலை நேரப் பட்டியல் போடுவதும் ஒரு கலைதான். ஒன்ராறியோவில் வாரத்துக்கு 44 மணி நேரத்தைத் தாண்டினால் பொதுவாக ஒன்றரை மடங்குச் சம்பளம். வழக்கமாக 3 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவரை வரச்சொல்லிவிட்டு, கடையில் கூட்டமில்லை என்று ஒரு மணி நேரத்தில் திருப்பி அனுப்பினாலும் பொதுவாக 3 மணி நேரச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். தெரிந்த பிள்ளை, கையில் காசு கொடுத்துச் சமாளிக்கலாம் என்ற ஊர்ப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள்.

கணக்குத் தெரிய வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கே தேவைப்படுவது வாராவாரம் பார்க்கும் கணக்கு. பெயரைப் பாவிப்பதற்காக நிறுவனத்துக்குக் கட்டும் உரிமைக் கட்டணம் பொதுவாக மொத்த விற்பனையிலிருந்து போகிறது, இலாபத்திலிருந்து அல்ல. சப்வே என்ற சாண்ட்விச் நிறுவனம் நீண்டகாலமாக வாங்கிவந்தது விற்பனையில் 8 வீதம், அதோடு விளம்பரத்துக்கு 4.5 வீதம். ஒரு வாரம் 10,000 டொலருக்கு விற்றால் 1,250 டொலர் முதலில் அங்கே போய்விடும். வாடகை, சம்பளம், பொருட்செலவு எல்லாம் அதற்குப் பிறகுதான். "விற்பனை நல்லாத்தான் இருக்கு, காசைத்தான் காணவில்லை" என்று புலம்புபவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டைவிட்டிருப்பார்கள்.

சுத்தத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரொறன்ரோ நகரசபை உணவுக் கடைகளின் சுத்தத்தைப் பார்க்கும் டைன்சேஃப் பரிசோதனையில் பச்சை அட்டை, அதாவது தேர்ச்சி, கிடைத்தால் நல்லது. குறைகளைத் திருத்தச் சொல்லும் மஞ்சள் என்றால் அதையும் வருபவர் கண்ணில் படும்படி ஒட்டித்தான் ஆக வேண்டும். ஆங்கிலத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள், கடையில் நிற்க நிற்க வந்துவிடும்.

கேள்வி கேட்கக் கூச்சப்படாமல் இருப்பதையும் நான் ஒரு திறமையாகவே எண்ணுகிறேன். நம்மவர்கள் பலருக்கு இது வராது. ஒன்ராறியோவில் பிரான்சைஸ்களுக்கான 2000ஆம் ஆண்டின் ஆதர் விஷார்ட் சட்டப்படி, நீங்கள் கையெழுத்து வைப்பதற்கோ காசு கட்டுவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே நிறுவனம் தன் விவரங்கள் அடங்கிய ஆவணத்தைத் தர வேண்டும். பழைய உரிமையாளரிடமிருந்து நேரே வாங்கும்போது சில விதிவிலக்குகள் உண்டு, அதனால் உங்களுக்கு அது கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். கிடைத்தால், இப்போது கடை நடத்துபவர்களின் பெயர்களோடு விலகிப்போனவர்களின் பெயர்களும் அதில் இருக்கும். விலகியவர்களை முதலில் கூப்பிட்டுக் கதையுங்கள். இப்போது விற்பவரிடமும் ஏன் விற்கிறார் என்று நேராகக் கேளுங்கள். வயதாகிவிட்டது என்பார், இருக்கலாம். வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, கடையைப் புதுப்பிக்கச் சொல்லித் தலைமையகம் கடிதம் போட்டிருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மைத்துனர் விஷயம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆட்களை எடுப்பதும் நிறுத்துவதும் யார், ஞாயிற்றுக்கிழமை யார் நிற்பது, பிரிய நேர்ந்தால் பங்கை என்ன விலைக்குக் கொடுப்பது என்பதை இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மனைவிமார் இருவரும் பக்கத்தில் இருக்கும்போது பேசினால் இன்னும் நல்லது. ஒப்பந்தத்தை பிரான்சைஸ் விஷயங்களையே பார்க்கும் சட்டத்தரணியிடம் கொடுங்கள். வீடு வாங்கியபோது பத்திரம் பார்த்தவரிடம், தெரிந்தவர், குறைவாக எடுப்பார் என்று போக வேண்டாம்.