525 மடங்கு ரெலஸ்கோப் வாங்கலாமா, ரீச்சர்?

கேள்வி: நான் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். இரவு வேலை முடிந்து வரும்போது வானத்தைப் பார்த்துப் பார்த்தே ஆசை வந்துவிட்டது. சனியின் வளையத்தைப் பார்க்க வேண்டும், பால்வீதியைப் படமும் எடுக்க வேண்டும். '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று ஒரு ரெலஸ்கோப் விளம்பரம் கண்டேன். வாங்கலாமா? அண்ணனின் பழைய கமரா ஒன்றும் இருக்கிறது.
– வாசகர், நிலாவெளி

பதில்: வேண்டாம், தம்பி. அந்த 525ஐ நம்பித்தான் நானும் முதலில் ஒன்று வாங்கினேன். அதன் வில்லையின் அகலம் 60 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்கு இரண்டு மடங்கு என்பதுதான் பொதுக் கணக்கு, அப்படியென்றால் 120. அதற்கு மேலே போனால் மங்கல்தான் பெரிதாகும். அதைவிடக் கொடுமை அதன் கால்கள். கச்சான் அடித்த ஒரு ராத்திரி உப்புவெளிக் கடற்கரையில் வைத்துப் பார்த்தேன். சனி நுளம்பு மாதிரித் துள்ளிக்கொண்டே இருந்தது. வளையமாவது ஒன்றாவது!

ஆகவே மடங்கைக் கேட்காதீர்கள், கண்ணாடியின் அகலத்தைக் கேளுங்கள். 130 அல்லது 150 மில்லிமீற்றர் ஆடி, அதற்கு டொப்சன் தாங்கி. தாங்கி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பலகைப் பெட்டிதான். ஆனால் உரல் மாதிரி அசையாமல் இருக்கும், குழாயை மட்டும் கையால் திருப்பலாம். 650 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள (ஆடியிலிருந்து பிம்பம் விழும் இடம்வரையான தூரம்) குழாயில் 25 மில்லிமீற்றர் கண்வில்லை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லை, போட்டால் 650ஐ 25ஆல் பிரித்து 26 மடங்கு, 10 போட்டால் 65. அந்த 65இல் சனி கடுகளவுதான். ஆனால் கடுகுக்கு வளையம் இருக்கும்! 2025இல் வளையம் விளிம்பைக் காட்டி வெறும் கோடாகிப் போனது. இப்போது மெல்ல மெல்ல விரிகிறது, நல்ல நேரத்தில்தான் கேட்கிறீர்கள்.

படத்துக்கு வருவோம். ரெலஸ்கோப்பில் கமராவை மாட்டிப் பால்வீதியை எடுக்கும் எண்ணத்தை இப்போதைக்கு விடுங்கள். பூமி சுற்றுவதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கும். நீண்ட நேரப் படத்துக்குக் கூடவே திரும்புகிற மோட்டார்த் தாங்கி வேண்டும். அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். நமக்கு அது அடிவானிலிருந்து எட்டரைப் பாகைதான். கையை நீட்டி முட்டி பிடித்தால் அந்த முட்டிக்குள் மறைந்துவிடும். பாதி நாள் புகாரிலும் பனை மரத்திலும் தேடிக்கொண்டிருப்பீர்கள். அண்ணனின் கமராவுக்கு ஒரு முக்காலி போதும். மே முதல் ஓகஸ்ட் வரை, அமாவாசையை ஒட்டி, ஹோட்டல் வெளிச்சத்தை விட்டுக் குச்சவெளிப் பக்கம் போங்கள். 18 மில்லிமீற்றர் வில்லை, 15 செக்கன் திறந்து வையுங்கள், ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்திறன்) 3200. தனுசு ராசிப் பக்கம் பால்வீதியின் நடுப்பகுதி தானாகவே விழும். நிலவை மட்டும் ரெலஸ்கோப்பின் கண்வில்லையில் போனை வைத்தே எடுக்கலாம்.

மே மாதம் முன்னிரவில் தெற்கே ஒமேகா சென்டோரி என்ற நட்சத்திரக் கொத்தைத் தேடிப் பாருங்கள். இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ரெலஸ்கோப் வைத்திருந்தாலும் வீட்டிலிருந்து அதைப் பார்க்க முடியாது.

இன்னொன்று, உப்பு. கடற்கரையிலிருந்து வந்ததும் ஆடியில் மெல்லிய படலம் கண்டு, நான் சேலைத் தலைப்பால் துடைத்தேன். அந்தக் கீறல்கள் இன்னும் இருக்கின்றன. குழாயை மூடி வையுங்கள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு. ஆடியில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: மகளுக்குப் பத்து வயது. பைனாகுலர் போதுமா?
– தாய், கிண்ணியா

பதில்: தாராளம். 7x50 அல்லது 10x50. முதல் எண் மடங்கு, இரண்டாவது வில்லையின் அகலம் மில்லிமீற்றரில். சாய்மனைக் கதிரையில் படுக்க வைத்துக் கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டுங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறு, அதில் எத்தனை என்று அவளே எண்ணட்டும். பகலில் எடுத்து ஒளித்து வையுங்கள். அதால் ஒருதரம் சூரியனைப் பார்த்தாலே கண் போய்விடும்.