நடுக்கட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்பாசமுத்திரத்தில் இருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம், தெரிந்தவர்கள் நிறையப் பேர் உங்களை வாசிக்கிறார்கள்.

எங்கள் வீட்டுப் பீரோவுக்கு மேல் ஒரு பச்சை சூட்கேஸ் இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் நான் பாதியில் விட்ட வேலைகள். குரோஷாவில் ஒரு மேஜை விரிப்பு, முக்கால்வாசி முடிந்து நூல் தீர்ந்துபோனது. ஆரி வேலை போட்ட ஜாக்கெட் துணி, இடது கை முடிந்தது, வலது கை பாக்கி. தலையணை உறை ஜோடியில் ஒன்றில் மட்டும் சங்கிலித் தையலில் மயில். இன்னும் இரண்டு மூன்று.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதுதான் என்னை உறுத்துகிறது. மகள் வயிற்றில் இருந்தபோது அவளுக்காக ஆரம்பித்த ஒட்டுத்துணிப் போர்வை. குயில்ட் என்கிறார்களே, அது. 12 அங்குலக் கட்டம் ஒன்பது என்று கணக்கு. எங்கள் வீட்டுப் பெண்களின் பழைய சேலைகளில் இருந்து எட்டுக் கட்டம் தைத்து இணைத்துவிட்டேன். நடுக்கட்டம் ஆச்சியின் சேலை. ஆச்சி வீரவநல்லூரில் எடுத்த செடிபுட்டா, செடியும் பூவும் போட்டு நெய்த சேலை. ஆச்சி போன பிறகு அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதை வெட்ட வேண்டும் என்று எடுத்தேன், வைத்தேன். மகள் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். 36 அங்குலம் இனி அவளுக்குப் பத்தவும் பத்தாது.

போனில் எதையாவது பார்த்தால் புதிதாக ஒன்று செய்யத் தோன்றுகிறது. ஆரம்பித்துவிடுகிறேன். பழையது அப்படியே கிடக்கிறது. எனக்குச் சோம்பலா, கற்பனை போதவில்லையா? உங்களுக்கு யோசனைகள் எங்கிருந்து வருகின்றன, எடுத்ததை எப்படி முடிக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு தங்கை

* * *

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை நேற்று மத்தியானம் வாசித்தேன், ராத்திரி இன்னொரு முறை வாசித்தேன். சோம்பலா என்று கேட்கிறீர்கள். சோம்பேறிக்கு எந்தக் கை முடிந்தது, எந்தக் கை பாக்கி என்று ஞாபகம் இருக்காது. சூட்கேஸைத் திறக்காமலே உள்ளே இருப்பதை வரிசையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அத்தனையும் உங்கள் மனதில் திறந்துதான் கிடக்கிறது.

பாதியில் நிற்கிற தையல் எதை எடுத்துப் பார்த்தாலும், அது நின்ற இடத்தில் தீர்மானிக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கும். இந்தக் கலரா அந்தக் கலரா, பிரிப்பதா விடுவதா, வெட்டுவதா வேண்டாமா. அந்த ஒன்றைத் தீர்மானிக்காமல் துணியை மடித்துவிடுகிறோம். மடித்த பிறகு மொத்த வேலையும் மலையாகத் தெரிகிறது. உண்மையில் பாக்கி இருப்பது அந்த ஒன்று மட்டும்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளைக் காடாத்துணியில் நீல நூலால் ஓட்டுத்தையல் போட்டு ஒரு கட்டில் விரிப்பு செய்துகொண்டிருந்தேன். ஐப்பசி அடைமழை. ஒரு நாள் ஊசியைத் துணியிலேயே குத்தி, மடித்து வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பிரித்தால், ஊசி உள்ளே போன இடத்தில் மிளகளவு ஒரு துருப்புள்ளி, வெளியே வந்த இடத்தில் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் பழுப்பாக ஒரு கோடு. எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டேன். துரு போனது. கூடவே பக்கத்து நீலத் தையலும் ஒரு சாண் நீளத்துக்கு வெளுத்துவிட்டது. அந்த ஒரு சாணைப் பிரிப்பதா, அப்படியே விடுவதா என்று தெரியாமல் மறுபடி மடித்தேன். இரண்டு வருஷம் கிடந்தது. கோயில் கொடை பார்க்க ஊருக்கு வந்திருந்த மதினி அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "ஏளா, இதப் பிரிக்கப் போறியா, அப்படியே விடப் போறியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு." பிரிக்கிறேன் என்றேன். பிரிக்க அரை மணி நேரம், திரும்பத் தைக்க முக்கால் மணி நேரம் ஆனது. மிச்ச விரிப்பு பத்து நாளில் முடிந்துவிட்டது.

அதனால் சூட்கேஸைக் கீழே இறக்கி ஒவ்வொன்றாக எடுத்து, இது எந்தக் கேள்வியில் நின்றது என்று மட்டும் பாருங்கள். தைக்க உட்கார வேண்டாம். குரோஷா விரிப்புக்கு அதே கலர் நூல் தேடி அலைந்திருப்பீர்கள். நம்பர் ஒன்றாகவே இருந்தாலும் வேறு சாயத்தொட்டியில் இருந்து வந்த நூல் கொஞ்சம் தூக்கலாகவோ மங்கலாகவோதான் இருக்கும். தேடாதீர்கள், நன்றாக வேறுபட்ட கலரில் கரை கட்டி முடித்துவிடுங்கள். ஜாக்கெட் துணியை இப்போது உடம்போடு வைத்துப் பாருங்கள். அளவு மாறியிருந்தால் அந்த இடது கையை அழகாக வெட்டி ஒரு பைக்கு முகப்பாக வைத்துத் தைக்கலாம். மயில் போட்ட உறை ஒற்றையாகவே இருக்கட்டும், நடுவில் வைக்கிற தலையணைக்கு ஒன்று போதும். பார்த்தவுடன் மனசு ஒட்டாத வேலை இருந்தால் தைக்கத் தெரிந்த வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

இனி போர்வைக்கு வருகிறேன். கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஆச்சியின் சேலையை வெட்ட உங்களுக்குக் கை வரவில்லை. வரவேண்டாம். அதை வெட்டாதீர்கள்.

பழஞ்சேலையில் போர்வை தைக்கிறவர்கள் எல்லா இடத்திலும் சேலையைத் துண்டு போடுவதில்லை. வங்காளத்துக் காந்தாவில் நைந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக முழுசாக அடுக்கி, மேலே ஓட்டுத்தையல் போடுவார்கள். தையலுக்கு நூல்கூட சேலையின் கரையில் இருந்தே உருவிக்கொள்வது பழைய வழக்கம். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையில், அடியில் ஒரு சேலையை முழுசாக விரித்து, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி ஒட்டுத்துணிகளை வைத்துத் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். ஒட்டு வைப்பதும் போர்வையாகத் தைத்துப் பிடிப்பதும் அவர்களுக்கு ஒரே வேலை. தனியாக மேல்துணி முடித்து, பிறகு அடித்துணி சேர்த்து, பிறகு மறுபடி தைப்பது என்கிற பேச்சே கிடையாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். சேலை சுமார் ஐந்தரை மீட்டர், அதாவது 216 அங்குலம். அதை மூன்றாக மடித்தால் 72 அங்குலம். அகலம் ஏறக்குறைய 45. ஒரு வெட்டுகூட இல்லாமல் மூன்று அடுக்கில் 72க்கு 45 அங்குலத்தில் போர்வையின் அடித்தளம் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாராளமாகக் காணும், வளர்ந்த பிறகும் காணும். நம் ஊர் வெக்கைக்கு உள்ளே பஞ்சு வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆடிச் சாரல் காற்றுக்கு மூன்று அடுக்குச் சேலை போதும்.

அதன் மேல், நடு மத்தியில், நீங்கள் தைத்து வைத்திருக்கும் எட்டுக் கட்டத்தை வையுங்கள். நடுக்கட்டம் காலியாகத்தானே இருக்கிறது? காலியாகவே இருக்கட்டும். அந்த 12 அங்குல இடைவெளி வழியாக ஆச்சியின் சேலை தெரியும். நீங்கள் ஆச்சிக்கு என்று விட்ட இடத்தில் ஆச்சி சேலைதான் இருக்கும், முழுச் சேலையின் ஒரு பகுதியாக. சுற்றிலும் பார்த்தால் இரு பக்கமும் நாலரை அங்குலம், மேலும் கீழும் 18 அங்குலம் அதே செடிபுட்டா. மடிக்கும்போது செடியும் பூவும் நன்றாக விழுந்த இடம் நடுவில் வருகிறமாதிரி கொஞ்சம் நகர்த்திப் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தானை எந்தப் பக்கம் வரவேண்டும் என்பது உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் கழுத்துப் பக்கம் வைப்பேன்.

செய்முறையில் சில விஷயங்கள். முதலில் சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நைந்த இடங்களைப் பார்த்து, அங்கே உள்பக்கமாக ஒரு மெல்லிய துணி கொடுத்துத் தைத்துவிடுங்கள். நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி அலசி எடுங்கள். எட்டுக் கட்டத்துக்கும் இதே சோதனைதான். சுருங்குவதெல்லாம் தைப்பதற்கு முன்னாலேயே சுருங்கிவிட வேண்டும். பிறகு தரையில் விரித்து, நடுவில் இருந்து ஓரத்தை நோக்கிக் கையால் நீவி, அடுக்குகள் நகராமல் இருக்க ஒரு சாணுக்கு ஒரு கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடுகிற தற்காலிகத் தையல்) ஓட்டிவிடுங்கள். நடு இடைவெளியின் நான்கு மூலையிலும் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்து (ஒட்டுத்துணியில், சேலையில் அல்ல), ஓரத்தை உள்ளே மடித்து எம்மிங் செய்யுங்கள். அப்புறம் வெறும் ஓட்டுத்தையல். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், நீளமானால் சிக்கும், உரசி உரசித் தேயவும் செய்யும். ஆங்கர் எம்ப்ராய்டரி நூல் என்றால் ஆறு இழையில் இரண்டோ மூன்றோ எடுத்தால் போதும். அங்குலத்துக்கு ஒரு வரிசை வீதம் நீளவாக்கில் 45 வரிசை வரும். வரிசைக்கு அரை மணி நேரம் வையுங்கள். தினம் ஒன்று என்றால் ஒரு மண்டலத்துக்குள் முடிகிற வேலை, தங்கை. எட்டு ஒன்பது வருஷமாக நீங்கள் சுமப்பது மொத்தம் இருபத்திரண்டரை மணி நேரம்.

போர்வையை மறுபடி சூட்கேஸுக்குள் வைக்காதீர்கள். இந்த இடத்தில் எனக்கு இடையன்குடி ஞாபகம் வருகிறது. திருநெல்வேலிப் பக்கத்து அந்த ஊருக்கு மிஷனரி கால்டுவெல் 1841இல் வந்தார். 1844இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த சார்லஸ் மால்ட்டின் மகள். நாகர்கோவிலில் தன் தாய் கற்றுக்கொடுத்த லேஸ் வேலையை எலைசா இடையன்குடிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் தலையணை மேல் செய்வது. மாதிரி குத்திய அட்டையைத் தலையணை மேல் வைத்து, சின்னச் சின்னக் கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப்போட்டு, ஒவ்வொரு பின்னலையும் ஒரு குண்டூசியால் குத்தி நிறுத்துவார்கள். கைவேலையை நடுவில் விட்டுவிட்டு எழுந்து போனாலும் குண்டூசிகள் இடத்தைப் பிடித்துவைத்திருக்கும். திரும்பி வந்தால் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. வீட்டு வேலைக்கு நடுவே தைக்கிற நமக்கும் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். ஒரு அகலமான ஓலைப்பெட்டியில் போர்வை, கத்தரிக்கோல், முழத்துக்கு நறுக்கிய நூல் எல்லாம் போட்டு நீங்கள் உட்காருகிற இடத்திலேயே வையுங்கள். வரிசையை முடித்துவிட்டு எழாதீர்கள். அடுத்த வரிசையில் நாலு தையல் போட்டுவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் தானாகக் கை அங்கே போகும். ஊசியை மட்டும் உருவி வைத்துவிடுங்கள்!

யோசனைகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டீர்கள். எனக்குக் கையில் இருக்கும் துணியில் இருந்துதான் பெரும்பாலும் வரும். உங்கள் சேலையின் பெயரிலேயே செடியும் இருக்கிறது, பூவும் இருக்கிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஒரு செடியைச் சுற்றி மட்டும் இரண்டு மூன்று வரிசை அணைத்தாற்போலத் தைத்துப் பாருங்கள், அது தனியாக மேலெழும்பி வரும். அங்கிருந்து அடுத்தது தோன்றும்.

அம்பையில் இருந்து திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினால் வழியில் பத்தமடை. ஒரு தடவை இறங்கிப் பாய் நெய்வதைப் பாருங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் (நீளவாக்கில் கட்டிய இழைகளில்) கோத்து நெய்கிறார்கள். நயமான பட்டுப்பாயில் பாவு இழை நூறுக்கு மேல் போகும், கைக்குட்டை மாதிரி மடிக்கலாம். நான் அதில் பார்த்துக்கொண்டே இருப்பது கரையை. சிவப்பு, பச்சை, கறுப்பு என்று கரையில் கலரைக் குவித்துவிட்டு, நடுவில் கோரையின் சொந்த நிறத்தை விட்டிருப்பார்கள். எல்லா இடத்தையும் நிரப்ப வேண்டியதில்லை என்று எனக்கு அதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நான் தைப்பது அதற்கப்புறம் மாறிவிட்டது.

போனில் பார்ப்பதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், நானும் பார்க்கிறேன். பிடித்தது வந்தால் ஒரு நாற்பது பக்க நோட்டில் கிறுக்கி, அதற்குத் தோதான துண்டுத்துணி ஒன்றைக் குண்டூசியால் குத்தி வைத்துவிடுவேன். ஊசி கோக்க மாட்டேன். ஒரு மாசம் கழித்துப் புரட்டும்போதும் பிடித்திருந்தால் அது என்னுடையது. பாதிக்குமேல் பிடித்திருக்காது.

சித்திப் பெண்களிடம் இருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம். போர்வை முடிந்ததும் நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கி வைத்துத் தைப்பார்கள். அதற்கு அவர்கள் பெயர் பூலா, பூ என்று அர்த்தம். அது இல்லாத போர்வை துணி உடுத்தாதது மாதிரி என்பது அவர்கள் எண்ணம். அந்த நான்கு துண்டையும் உங்கள் மகளே தேர்ந்தெடுக்கட்டும். அவளுக்குச் சின்னதாகிப் போன பாவாடை ஏதாவது இருக்கும்.

வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு என்றால் சேலையை அலசி நிழலில் காயப்போடுங்கள். வெயில் வேண்டாம். மூன்றாக மடிக்க ஒரு ஆள் போதாது, ஒரு முனையை அவளிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அது யார் சேலை என்று கேட்பாள்.

அன்புடன்,
அக்கா