பந்துக்கு முன்னே பாயும் கண்

கேள்வி: ஆசாத் மைதானத்தில் வேகப்பந்தை எதிர்பார்த்து நிற்கையில் மெதுவான பந்து வந்தால், மட்டைக்கு முன் என் கண்ணே ஏமாறுகிறதே, ஏன்?
– வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: மட்டையாளர் பந்தை இடைவிடாமல் பார்ப்பதில்லை, 2000-இல் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் வெளியிட்ட ஆய்வின்படி, அது கையைவிட்டுக் கிளம்புவதைப் பார்த்ததும், குத்தப்போகும் இடத்துக்குப் பார்வையைத் தாவவிட்டுக் காத்திருக்கிறார். திடீரெனத் தோன்றும் இலக்கை நோக்கிக் கண் புறப்படவே ஏறத்தாழ 200 மில்லிவினாடி ஆகும். எதிர்பார்ப்பு இத்தாமதத்தைக் குறைக்கும்; சிலவேளை இலக்கு தோன்றுமுன்பே கண் கிளம்பிவிடும். ஆனால், ஊகத்தில் பாய்ந்த பார்வை, கண்டு பாய்ந்ததைவிட அதிகம் குறி தவறும். (கண்டு பாய்ந்தாலும் சற்றுக் குறைவாகவே பாய்ந்து, இன்னொரு சிறு தாவலால் திருத்திக்கொள்வதே கண்ணின் வழக்கம்.) வேகப்பந்துக்கெனக் குறித்த இடத்தில் உங்கள் கண் நிற்க, மெதுவான பந்து வேறிடத்தில் குத்துகிறது, திருத்தத் தாவலுக்கு அப்போது நேரம் போதுவதில்லை.