குழந்தைகள் உள்ள வீட்டுக்கு எந்தக் குட்டை முடிப் பூனை ஏற்றது?

இரண்டு சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பாசமாகப் பழகும் குட்டை முடிப் பூனை ஒன்றைத் தத்தெடுக்க நினைப்பதாகச் சொல்லி, எந்த இனம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். இனத்தைவிட எதிரில் நிற்கும் பூனையைப் பாருங்கள் என்பதே என் பதில். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் சாதுவான இனம்தான். ஆனாலும் அவற்றில் பல, பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளுமே தவிர, தூக்கிக் கொஞ்சுவதை விரும்புவதில்லை. மனிதரோடு ஒட்டிக்கொள்ளும் குணம், தாய், தந்தைப் பூனைகளின் இயல்போடு, பிறந்த 2 முதல் 7 வாரங்களுக்குள் குட்டி மனிதக் கைபட்டு வளர்ந்ததா என்பதையும் பெரிதும் பொறுத்தது.

ஆகவே, குட்டியைவிட 2 வயது கடந்த பூனையையே நான் பரிந்துரைப்பேன். குட்டியின் குணம் இனிமேல்தான் தெரியவரும். எங்கள் சாம்பல் நிறப் பூனையைப் பார்க்கப் போனபோது, நான் தரையில் அமர்ந்து, கையை நீட்டாமல் காத்திருந்தேன். கால்மணி நேரம் கழித்து மெல்ல வந்து என் விரல் நுனியை முகர்ந்து, முழங்காலில் கன்னத்தை உரசிய அது, என் மகள் கைதவறிப் போட்ட தண்ணீர்ப் புட்டியின் சத்தத்தில் துள்ளி ஓடியது; ஆனால் சற்று நேரத்தில் யாரும் அழைக்காமலே திரும்பி வந்தது. அந்தத் திரும்பி வருதலைப் பார்த்துத்தான் நான் முடிவெடுத்தேன், ஏனெனில் குழந்தைகள் இருக்கும் வீட்டில் சத்தம் இல்லாத நாளே கிடையாது.

குட்டை முடி என்பதால் ஒவ்வாமை வராது என்று நம்பிவிட வேண்டாம். ஒவ்வாமையைத் தூண்டுவது முடியல்ல, பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் புரதம். வீட்டில் எவருக்கேனும் ஆஸ்துமா இருந்தால், மருத்துவரைக் கேட்டுவிட்டு, அழைத்து வருவதற்கு முன்பே சில முறை சென்று அந்தப் பூனையின் அருகில் இருந்து பாருங்கள். தடுப்பூசி, கருத்தடை விவரங்களையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். லில்லிப் பூக்களும் பாராசிட்டமால் மாத்திரையும் பூனையின் உயிரையே பறிக்கக்கூடியவை. அவற்றை அதற்கு எட்டாதபடி அகற்றிவிடுங்கள்.

முதல் சில நாட்களுக்கு உணவு, தண்ணீர், மணல்தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி ஆகியவற்றோடு ஒரே அறையில் விடுங்கள். எங்கள் பூனை நான்கு நாட்கள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அதை இழுக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லியிருந்ததால், அவள் தினமும் கட்டிலருகே அமர்ந்து தன் பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசித்தாள். ஐந்தாம் நாள் மாலை, விரித்திருந்த அந்தப் பக்கத்தின் மேலேயே வந்து படுத்துக்கொண்டது.