மாடியிலிருந்து எறிந்த பந்து: என்.டி.ஏ. தேர்வுக்கு இயக்கவியலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு 18 வயது, வியாசர்பாடியில் வசிக்கிறேன். தமிழ் வழியில் அறிவியல் பிரிவு எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து ஓராண்டாகிறது. மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாதமி) தேர்வுக்குத் தயாராகிறேன். மேல்நோக்கி எறிந்த பொருள் பற்றிய கணக்குகளில் எங்கே கூட்டல் குறி, எங்கே கழித்தல் குறி என்பதே குழப்பமாக இருக்கிறது. ஒரு பயிற்சி மையத்தில், தாங்கள் தரும் குறுக்குவழிச் சூத்திரத் தாளை மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார்கள். கட்டணம் என் மூன்று மாதச் சம்பளம். சேரலாமா?

பதில்: அந்தத் தாளுக்காக மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டிய சமன்பாடுகள் மூன்றுதான், அவை மூன்றும் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் ‘இயக்கம்’ பாடத்தில் தொடங்குங்கள். அடுத்து பத்தாம் வகுப்பின் முதல் பாடமான ‘இயக்க விதிகள்’. அதன் பிறகே பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் ‘இயக்கவியல்’. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை முதலில் திறந்தால் வெக்டர்களைக் கண்டு மிரண்டு மூடிவைத்துவிடுவீர்கள்.

குறிக் குழப்பத்துக்கு வருவோம். 25 மீட்டர் உயரமுள்ள மொட்டைமாடியின் விளிம்பில் நின்று, ஒரு பந்தை நொடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் நேர் மேலே எறிகிறீர்கள். அது மாடியைத் தாண்டித் தெருவில் விழ எத்தனை நொடி ஆகும்? கணக்கைத் தொடுவதற்கு முன்பு தாளின் ஓரத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி வரைந்து அதன் அருகே கூட்டல் குறி இடுங்கள். மேல்நோக்கிய யாவும் கூட்டல், கீழ்நோக்கிய யாவும் கழித்தல் என்று அப்போதே முடிவாகிவிட்டது. கணக்கு முடியும்வரை அதை மாற்றக் கூடாது. எறிந்த திசைவேகம் கூட்டல் 20. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், பந்து ஏறினாலும் இறங்கினாலும் அது கழித்தல் 10தான், ஏனெனில் பூமி எப்போதும் கீழ்நோக்கியே இழுக்கிறது. தெரு, கை இருந்த இடத்துக்குக் கீழே இருப்பதால் இடப்பெயர்ச்சி கழித்தல் 25. இந்த மூன்றையும் இரண்டாம் சமன்பாட்டில், அதாவது s = ut + ½at² என்பதில் (s இடப்பெயர்ச்சி, u தொடக்கத் திசைவேகம், a முடுக்கம், t நேரம்) இட்டால் விடை 5 நொடி. சரிபார்த்துக்கொள்ளுங்கள்: பந்து 2 நொடியில் 20 மீட்டர் ஏறுகிறது, உச்சியிலிருந்து தெருவரை 45 மீட்டர் விழ 3 நொடி ஆகிறது, ஆக மொத்தம் 5.

உச்சியில் பந்தின் திசைவேகம் சுழி. முடுக்கம் சுழி அல்ல, அங்கேயும் அது கழித்தல் 10தான். தேர்வில் நீண்ட கணக்கைவிட இப்படிப்பட்ட ஒரு வரிக் கேள்விக்கே வாய்ப்பு அதிகம். ‘மேலே போனால் கழி, கீழே வந்தால் கூட்டு’ என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

குறுக்குவழித் தாள்கள் சொல்லாமல் விடும் ஒரு நிபந்தனையையும் சொல்லிவிடுகிறேன். முடுக்கம் மாறாமல் இருக்கும்போது மட்டுமே அந்த மூன்று சமன்பாடுகளும் செல்லும். ஒரு மெட்ரோ ரயில் எழும்பூரில் புறப்பட்டு அடுத்த நிலையத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் நானாக எடுத்துக்கொண்டவை. முதல் 20 நொடியில் அது சீராக வேகமெடுத்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தை, அதாவது மணிக்கு 72 கிலோமீட்டரை எட்டுகிறது. அடுத்த 30 நொடி அதே வேகத்தில் ஓடுகிறது. கடைசி 25 நொடியில் சீராகக் குறைந்து நிற்கிறது. தொடக்கத் திசைவேகம் சுழி, இறுதித் திசைவேகமும் சுழி என்று மொத்தப் பயணத்தையும் ஒரே சமன்பாட்டில் போட்டால், ரயில் நகரவே இல்லை என்று விடை வரும்! பயணத்தை மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே சமன்பாட்டைப் போட வேண்டும்: 200 மீட்டர், 600 மீட்டர், 250 மீட்டர், மொத்தம் 1,050 மீட்டர். திசைவேக-கால வரைபடம் போடத் தெரிந்தவருக்கு இது இன்னும் எளிது, கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பே தொலைவு. 75 நொடிக்குச் சராசரி வேகம் நொடிக்கு 14 மீட்டர். இருபதையும் சுழியையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி 10 என்று எழுதுவோர் ஏராளம். கணக்கில் ‘பிறகு’, ‘அதன்பின்’, ‘பிரேக் போட்டதும்’ என்ற சொற்களைக் கண்டால் அங்கே ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் புதிய முடுக்கம், ஆனால் இந்தப் பக்கத்தின் இறுதித் திசைவேகமே அந்தப் பக்கத்தின் தொடக்கத் திசைவேகம்.

இதெல்லாம் உங்களுக்கு மறந்துபோனது உங்கள் தவறே அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காகப் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு ஓடிய பள்ளிகள் எத்தனை! அதைத் தடுக்கத்தான் 2017-18ஆம் கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதையும் இப்போது எடுத்துவிட்டார்கள். என்.டி.ஏ. வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ் வழியில் படித்தவர் பாடத்தை அறிந்திருந்தும் மதிப்பெண் இழப்பதை எத்தனை காலம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? அது மாறும்வரை, பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் பாடநூல் கழகத்தில் இரண்டு பதிப்பும் கிடைக்கும். விடுமுறை நாட்களில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களோடு உட்கார்ந்து படிக்கலாம்.

பயிற்சி மையங்களின் வாசலில் நிற்கும் தரகர்கள் விஷயத்தில் கவனமாக இருங்கள். தேர்வை நடத்தும் யூ.பி.எஸ்.சி.யின் (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) இணையதளத்தில் விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய்தான். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அதுவும் இல்லை. விண்ணப்பத்தை நீங்களே, உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்து நிரப்புங்கள். பிரவுசிங் சென்டர்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால், அனுமதிச் சீட்டு வரும் நாளில் அவர் கேட்பதைக் கொடுக்க வேண்டியிருக்கும். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். ‘உள்ளே ஆள் இருக்கிறது, எழுத்துத் தேர்வைப் பார்த்துக்கொள்கிறோம்’ என்பவர் மோசடிக்காரர், வேறு விளக்கமே தேவையில்லை.

மதிப்பெண் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். பொதுத் திறன் தாளின் 600 மதிப்பெண்ணில் பொது அறிவுப் பகுதிக்கு 400. அதில் ஏறக்குறைய கால் பங்கு இயற்பியல். கேள்விக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும், கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. கணிதத் தாள் தனியாக 300 மதிப்பெண் என்பதால் அதற்கான நேரத்தை இயற்பியலுக்குத் தின்னக் கொடுக்காதீர்கள். யூ.பி.எஸ்.சி. தளத்தில் முந்தைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்புப் பாடம் முடிந்ததும் அவற்றில் இயக்கம் பற்றிய கேள்விகளை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி வரைந்த பிறகே விடையைத் தொடுங்கள். அதன் பிறகும் ஏதாவது ஒரு வகைக் கணக்கு பிடிபடவில்லை என்றால், அதை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் பழைய பள்ளியின் இயற்பியல் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.